நாலணாவோடு நின்றுபோன பயணம்

பரிவிராஜக வாழ்க்கை துறவியின் மரபுவழிச் செல்வம். நாளைக்கென எதையும் சேர்த்து வைக்காமல், கிடைத்ததை உண்டு, கிடைத்த இடத்தில் உறங்கி, இறைவன் ஒருவனையே துணையாகக் கொண்டு நடப்பது அது. ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடிச் சீடர்களுள் இவ்வாழ்க்கையை மிக நீண்ட காலம் வாழ்ந்தவர்களில் ஒருவர் சுவாமி அகண்டானந்தர்.

1864 செப்டம்பர் 30-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த அவரது இளமைப் பெயர் கங்காதரர். சிறு வயதிலேயே ஆசார அனுஷ்டானங்களில் கடும் பிடிப்புக் கொண்டிருந்தார். பிறர் சமைத்ததை உண்ணாமல் தாமே சமைத்து உண்பார். தட்சிணேசுவரத்தில் குருதேவரின் அருள் நிழலில் அவரது உள்ளம் விரிந்தது.

இமயம் அழைத்தது

குருதேவர் மறைந்த மறு ஆண்டு, 1887-இல், இருபத்து மூன்று வயதுகூட நிரம்பாத கங்காதரர் தனியாக இமயத்தை நோக்கிப் புறப்பட்டார். கேதாரநாதம், பத்ரிநாதம் முதலிய தலங்களைத் தரிசித்து, பனி மூடிய கணவாய்களைக் கடந்து திபெத்திற்குள்ளும் சென்றார். பழகாத மொழி, பொறுக்க முடியாத குளிர், போதிய ஆடையின்மை ஆகிய எதுவும் அவரைத் தடுக்கவில்லை. ஆயினும் அவர் பனிச்சிகரங்களை மட்டும் காணவில்லை. எளிய மக்களின் வறுமையையும் கண்டார். அக்காட்சி அவரது நெஞ்சின் ஆழத்தில் தங்கிவிட்டது. 1890-இல் வராகநகர் மடத்திற்குத் திரும்பினார்.

சுவாமிஜியைத் தேடி

அவ்வாண்டு ஜூலையில் சுவாமி விவேகானந்தர் அவரைத் துணையாகக் கொண்டு மீண்டும் இமயத்திற்குப் புறப்பட்டார். ஆனால் 1891-இன் தொடக்கத்தில், தனித்துச் செல்ல விரும்பிய சுவாமிஜி சகோதரச் சீடர்களைப் பிரிந்து சென்றுவிட்டார். அகண்டானந்தரால் அப்பிரிவைத் தாங்க முடியவில்லை. ராஜபுதனம், குஜராத் என்று ஊர் ஊராக விசாரித்துக்கொண்டே பின்தொடர்ந்தார். ஓர் ஊரை அடைந்தால், சுவாமிஜி அப்போதுதான் புறப்பட்டார் என்பார்கள். கட்ச் பகுதியில் நாராயண சரோவரை ஒட்டிய வழியில் கொள்ளையர்களிடமும் சிக்கினார். இறுதியில் மாண்டவியில் சுவாமிஜியைக் கண்டார். தம்மைத் தனியே விடும்படி சுவாமிஜி அன்புடன் வேண்டினார். தரிசனமே போதும் என்று அகண்டானந்தர் மன நிறைவுடன் விடைபெற்றார்.

பின்னர் ஜாம்நகரில் ஜண்டு பட் என்ற புகழ்பெற்ற வைத்தியருடன் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஏழை நோயாளிகளுக்குப் பொருள் கருதாது மருத்துவம் செய்தவர் அவர். பிறர் துயர் துடைப்பதும் வழிபாடே என்பதை அப்பெரியவரின் வாழ்க்கையில் அகண்டானந்தர் நேரில் கண்டார். 1894-இல் கேத்ரியில் தங்கி, ஏழைகளுக்குக் கல்வி கிடைக்கப் பாடுபட்டார். அமெரிக்காவிலிருந்து சுவாமிஜி எழுதிய கடிதம் அப்பணிக்கு ஊக்கமளித்தது.

உடைந்த குடம்

1897. வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தைப் பஞ்சம் வாட்டியது. அகண்டானந்தர் கங்கைக் கரையோரமாக வடக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தார். வழியில் ஓர் இஸ்லாமியச் சிறுமி உடைந்த மண்குடத்தின் அருகே அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் வேறு குடம் இல்லை. வெறுங்கையுடன் சென்றால் தாய் அடிப்பாள் என்ற அச்சம் அவளுக்கு. அவரிடம் அப்போது இருந்தது நாலணா மட்டுமே. அதைக் கொண்டு புதுக் குடம் ஒன்றும் சிறிது அவலும் வாங்கிக் கொடுத்தார். அதைக் கண்டு பசியால் வாடிய சிறுவர்கள் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். மிஞ்சிய காசு அவர்களுக்கு அவலாயிற்று. நாலணாவும் தீர்ந்தது.

காசு தீர்ந்ததற்காக அவர் கலங்கவில்லை. காசில்லாமல் நடப்பது அவருக்குப் பழகிய ஒன்றே. ஆனால் நாளை அக்குழந்தைகள் எதை உண்பார்கள்? இக்கேள்வியைக் கடந்து அவரால் நடக்க இயலவில்லை. அருகிலிருந்த மகுலாவில் தங்கி, நிலைமையை விளக்கி மடத்திற்கு எழுதினார். சுவாமிஜி பணத்தையும் உதவியாளர்கள் இருவரையும் அனுப்பினார். 1897 மே 15-இல் நிவாரணப் பணி தொடங்கியது. அந்த மாதத்தின் முதல் நாளில்தான் ராமகிருஷ்ண மிஷன் நிறுவப்பட்டிருந்தது. அதன் முதல் நிவாரணப் பணி இதுவே.

பஞ்சம் தணிந்தது. அகண்டானந்தர் மீண்டும் நடக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் பெற்றோரை இழந்த குழந்தைகள் இருந்தனர். அவர்களுக்காக அங்கேயே தங்கினார். அநாதைகளுக்கு இல்லமும், உழவும் கைத்தொழிலும் கற்பிக்கும் பள்ளியும் உருவாயின. 1913-இல் ஆசிரமம் சார்காச்சியில் சொந்த நிலத்தில் அமைந்தது. 1934-இல் மடம், மிஷன் ஆகியவற்றின் மூன்றாவது தலைவரான பின்பும் அவரது மனம் அக்கிராமத்திலேயே இருந்தது. 1937 பிப்ரவரி 7-இல் பேலூர் மடத்தில் மகாசமாதி அடைந்தார்.

இறைவனைத் தேடிப் பனிமலைகளையும் பாலைவனங்களையும் கடந்தவர், ஒரு சிறுமியின் கண்ணீருக்கு முன் நின்றார். அங்கே நின்றதால் அவரது துறவு குறைந்துவிடவில்லை, கனிந்தது. வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு வைராக்கியம் வேண்டும். விரும்பிய பாதையையும் பிறர் பொருட்டு விட்டுவிடுவதற்கு அதனினும் பெரிய வைராக்கியம் வேண்டும். நம் கையிலும் ஒரு நாலணா எப்போதும் இருக்கிறது. அதை யாருக்காகச் செலவிடுகிறோம் என்பதிலேயே நம் சாதனை தொடங்குகிறது.