பந்தியில் இடம் மறுக்கப்பட்டவர் கட்டிய அறிவியல் அவை

கல்லூரித் துறைப் பலகையில் அறிவியல் கருத்தரங்கு அழைப்பிதழ் ஒட்டப்படுகிறது. கொல்லிமலை வளப்பூர் நாட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிப் படிக்க வரும் நம் பிள்ளைகள் பலர் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது ஆங்கிலம் பேசுகிறவர்களின் இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம். சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கும் இதே தயக்கம்தான். அவர்கள் அறிய வேண்டிய பெயர் மேகநாத் சாகா.

இன்றைய வங்கதேசத்தில், டாக்கா அருகே சியோரதலி என்ற சிற்றூரில் 1893 அக்டோபர் 6 அன்று பிறந்தவர் சாகா. தந்தை சிறிய மளிகைக் கடைக்காரர். எட்டுக் குழந்தைகளில் ஐந்தாமவர் இவர். தொடக்கப் பள்ளிக்கு மேல் ஊரில் படிக்க வழியில்லை. பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவர் வீட்டில் தங்கிப் படித்தார். அங்கே அவர் சாப்பிட்ட தட்டை அவரே கழுவ வேண்டும், மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சோறு கிடைத்தது, சாதியும் கூடவே பரிமாறப்பட்டது.

உதவித்தொகை பெற்று டாக்கா அரசுப் பள்ளியில் சேர்ந்தார். 1905இல் வங்கப் பிரிவினைக்கு எதிர்ப்பு கிளம்பிய நேரம். ஆளுநர் வருகையைக் கண்டித்த மாணவர்களோடு நின்றதற்காகப் பள்ளியும் போயிற்று, உதவித்தொகையும் போயிற்று. வேறு பள்ளியில் சேர்ந்து படித்து, 1909 நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர்களில் முதலிடம் பிடித்தார்.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். ஆனால் ஈடன் இந்து விடுதியில் இவரோடு ஒரே பந்தியில் உட்கார ஆதிக்க சாதி மாணவர்கள் மறுத்தார்கள். சரஸ்வதி பூசையிலும் இவரை விலக்கினார்கள். கல்விக் கடவுளின் முன்னால் கல்வியில் சிறந்தவனுக்கு இடமில்லை.

சாகா பிறந்த சமூகம் இன்றைய பட்டியல் சாதிகளில் இல்லை. தீண்டாமையின் முழுக் கொடுமையை அனுபவித்தவர் அவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் படிக்க வந்த இடத்தில் பிறப்பைக் கேட்டுத் தள்ளிவைக்கும் அந்த வலியை அறிந்தவர்.

1916இல் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். அப்போது வளர்ந்துகொண்டிருந்த புதிய இயற்பியலை அவரே படித்துத்தான் மாணவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஜெர்மன் மொழியைக் கற்றார். அவரும் சத்யேந்திரநாத் போசும் ஐன்ஸ்டீனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். பல்கலைக்கழகம் அதை 1920இல் நூலாக்கியது.

அதே 1920இல்தான் அவர் பெயர் உலகெங்கும் சென்றது. விண்மீனின் ஒளியைப் பிரித்தால் நிறமாலையில் கோடுகள் தெரியும். ஒவ்வொரு விண்மீனிலும் அவை வேறுபடும். பெரும் வெப்பத்தில் அணுக்கள் எலக்ட்ரானை இழக்கின்றன. எவ்வளவு இழக்கும் என்பது வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. அதைக் கணக்கிடும் சமன்பாட்டை சாகா தந்தார். கோடுகளைக் கொண்டே விண்மீனின் வெப்பத்தை அறிய வழி பிறந்தது. இந்த வழியைப் பின்பற்றித்தான் விண்மீன்களில் ஹைட்ரஜன் மிகுந்திருப்பதை சிசிலியா பெய்ன் 1925இல் தம் ஆய்வேட்டில் காட்டினார்.

1923இல் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குப் போய் 15 ஆண்டுகள் இயற்பியல் துறையை வளர்த்தார். 1927இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அந்தப் பெருமையோடு அவர் நிற்கவில்லை என்பதே நமக்கு முக்கியம். ஆய்வாளர்கள் கூடிப் பேச இடம் வேண்டும் என்று 1930இல் அலகாபாத்தில் அறிவியல் கழகம் தொடங்கினார். இன்றைய தேசிய அறிவியல் கழகம் அதுதான். 1934இல் பம்பாயில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை ஏற்று, நாடு முழுவதற்குமான அறிவியல் அமைப்பு வேண்டும் என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே அப்படி ஒன்று கல்கத்தாவில் உருவானது. அறிவியலை மக்களிடம் கொண்டுபோக, சயன்ஸ் அண்ட் கல்ச்சர் இதழையும் 1935இல் தொடங்கினார். 1938இல் கல்கத்தா திரும்பினார். அங்கே அவர் எழுப்பிய அணு இயற்பியல் நிறுவனத்தை 1950இல் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்துவைத்தார்.

அலகாபாத்தில் அவரிடம் படித்தவர் தௌலத் சிங் கோத்தாரி. 1964இல் அமைந்த கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்று, ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே பொதுப்பள்ளி முறை வேண்டும் என்று பரிந்துரைத்த அதே கோத்தாரிதான்.

ஆற்று வெள்ளம் சூழும் ஊரில் பிறந்த சாகா 1922 வங்க வெள்ளத்தில் நிவாரணப் பணி செய்தார். தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் உழைத்தார். 1952இல் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்வானார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1956 பிப்ரவரி 16 அன்று டெல்லியில், திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மறைந்தார்.

பந்தியில் தள்ளிவைத்தவர்கள் யார் என்று இன்று எவருக்கும் தெரியாது. அவர் கட்டிய அவைகள் இன்றும் கூடுகின்றன. அங்கே நம் பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. ஊரையும் பெயரையும் கேட்டதும் மாறும் முகங்கள் இன்னும் ஒழியவில்லை. அதற்காக நாம் விலகி நின்றால் விலக்குகிறவர்களுக்கு வேலை மிச்சம்.

அடுத்த முறை அழைப்பிதழைப் பார்த்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் அல்ல, முன்வரிசையில் உட்காருங்கள். புரியாததைத் தமிழிலேயே எழுந்து கேளுங்கள்.