பெட்டிக்குள் 25,000 தாள்கள்: யார் இந்த பெர்னாண்டோ பெசோவா?

கடை ரசீதின் பின்பக்கம் எதையாவது கிறுக்கிவிட்டுத் தூக்கிப் போட்டிருக்கிறீர்களா?

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் ஒருவர் அப்படித்தான் கிறுக்கிக்கொண்டே இருந்தார். ஆனா எதையும் தூக்கிப் போடவில்லை. எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் போனது. அவர்தான் கவிஞர் பெர்னாண்டோ பெசோவா.

பிறந்தது 1888இல். ஐந்து வயதில் அப்பாவை இழந்தார். அம்மா மறுமணம் செய்துகொண்டவர், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருந்த போர்ச்சுகல் தூதரக அதிகாரி. 1896இல் சிறுவனும் அங்கே கப்பலேறினான். வீட்டில் போர்ச்சுகீசிய மொழி, பள்ளியில் ஆங்கிலம். (நம்மில் பலருக்குப் பழகிய கதைதானே!) 15 வயதில் ஆங்கிலக் கட்டுரைக்கு விக்டோரியா அரசியார் நினைவுப் பரிசையே வாங்கிவிட்டார்.

1905இல் லிஸ்பன் திரும்பினார். பிறகு அந்த ஊரை விட்டு அதிகம் நகரவே இல்லை. வர்த்தக நிறுவனங்களுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. மீதி நேரமெல்லாம் எழுத்து.

அதுவும் தனியாளாக இல்லை. ஆல்பெர்டோ கையேரோ, மருத்துவர் ரிக்கார்டோ ரெய்ஸ், கப்பல் பொறியாளர் ஆல்வரோ டி காம்போஸ் என்று ஆட்களை உருவாக்கினார். வெறும் புனைபெயர்கள் இல்லைங்க. ஒவ்வொருவருக்கும் தனிப் பிறந்தநாள், தனி நடை, ஜாதகம்கூட உண்டு! ஒருமுறை தன் காதலி ஒஃபேலியாவுக்கே காம்போஸின் பெயரில் கடிதம் எழுதினார். படித்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்குமோ!

வாழ்நாளில் வெளிவந்தவை சில சிறிய ஆங்கிலக் கவிதை நூல்களும், 1934இல் போர்ச்சுகீசிய மொழியில் ஒரே ஒரு கவிதை நூலும் மட்டுமே. இதழ்களில் எழுதியதால் இலக்கிய வட்டாரத்தில் பெயர் இருந்தது. அவ்வளவுதான். 1935 நவம்பர் 30இல், 47 வயதில் காலமானார்.

பெட்டி மட்டும் மிஞ்சியது.

உள்ளே 25,000க்கும் மேற்பட்ட தாள்கள். கடித உறைகளின் பின்பக்கம், விளம்பரத் துண்டுகள், அலுவலகத் தாள்கள் என்று கிடைத்ததில் எல்லாம் எழுதியிருக்கிறார். குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்த அவை பின்னர் போர்ச்சுகலின் தேசிய நூலகத்துக்குச் சென்றன.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. இன்று அவருடைய தலைசிறந்த உரைநடை நூலாகக் கொண்டாடப்படுவது 'அமைதியின்மையின் புத்தகம்'. ஓர் உதவிக் கணக்கரின் நாட்குறிப்பு போன்றது. அது முதன்முதலில் அச்சானது 1982இல், அதாவது அவர் இறந்து 47 ஆண்டுக்குப் பிறகு! எந்தப் பக்கத்துக்குப் பின் எது வரவேண்டும் என்று பெசோவா முடிவு செய்யவே இல்லை. பல தாள்களில் தேதி இல்லை. சில சொற்களைப் படிக்கவே முடியவில்லை.

பதிப்பாசிரியர்களில் ஒருவர் எழுதிய கால வரிசைப்படி அடுக்கினார். இன்னொருவர் படிக்க எது பொருந்துமோ அப்படி அடுக்கினார். அதனால் இரண்டு பதிப்புகளை வாங்கினால் முதல் பக்கமே வேறுவேறாக இருக்கும். எது பெசோவாவின் புத்தகம்? எனக்கென்னவோ அந்தக் குழப்பம் அவருக்குப் பிடித்திருக்கும் என்றே தோன்றுகிறது.

அவர் படித்த புத்தகங்களையும் லிஸ்பனில் அவர் கடைசியாகக் குடியிருந்த இடத்தில் இயங்கும் நினைவில்லம் மின்னிலக்கமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. ஏராளமானவை ஆங்கிலப் புத்தகங்கள். அவற்றின் ஓரங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அங்கேயும் கிறுக்கல்!