ஒரே பலகையில் இரு நிறம்!

அடிமைகளை வைத்து ஆண்ட குடும்பத்துப் பிள்ளை, அடிமைத்தளை அறுக்கக் கிளம்பினார் என்றால் வியப்பல்லவா? அவர்தான் ஜான் ஃபீ. 1816இல் பிறந்த அமெரிக்கப் பாதிரியார். தந்தை சொத்தை மறுத்தார், வெறிக்கூட்டம் தாக்கியது, கொள்கை குலையவில்லை.

1855இல் கென்டக்கி மாநிலத்துப் பெரீயாவில் ஓரறைப் பள்ளி தொடங்கினார். 1859இல் ஆதிக்கக்காரர்கள் அவரையும் தோழர்களையும் மாநிலத்தை விட்டே துரத்தினர். உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1866இல், கறுப்பரையும் வெள்ளையரையும் அங்கே ஒரே பலகையில் உட்கார வைத்தார். பள்ளி கல்லூரியாயிற்று.

1901இல் அவர் மறைந்தார். 1904இல் தனிச்சட்டம் போட்டுக் கறுப்பரை வெளியேற்றினர்; 1908இல் உச்சநீதிமன்றமும் துணைநின்றது. 1950இல்தான் சட்டம் தளர்ந்தது, கதவு திறந்தது. இன்று அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. மாணவர் அனைவரும் உழைத்தே படிக்கின்றனர்.

கதவை அடைக்கலாம், கொள்கையை அடைக்க முடியுமா? கேட்கிறோம்!