தேயிலை தேடிச் சென்றவர்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடகத்தை அடுத்து விளங்கும் ஊர் ஓசூர். அவ்வூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. விடியற்காலையில் வேலைமுறை மாறும்பொழுது, ஆலை வாயில்களை அடுத்த கடைகளில் தொழிலாளர் திரண்டு நின்று சூடான தேநீர் அருந்துவர். தமிழர் அதனை டீ என்றும் தேநீர் என்றும் கேட்பர்; கன்னடர் சகா என்பர்; பிழைப்பு நாடி வந்த வடநாட்டார் சாய் என்பர். மொழிகள் பலவாயினும் இப்பெயர்களின் வேர்கள் இரண்டே. அவ்விரண்டும் சீனர் வாய்மொழிகள். சீனத்தின் தென்கீழ்க் கடற்கரையிலுள்ள அமாய்த் துறைமுகத்தார் இச்செடியைத் தே என்றனர். பிற பகுதியினர் சா என்றனர். தே என்னும் சொல்லோடு இலை என்னும் சொல் சேர, இடையே யகர உடம்படுமெய் தோன்றித் தேயிலை ஆயிற்று. நீர் சேரத் தேநீர் ஆயிற்று. தேனுக்கும் தேநீருக்கும் தொடர்பு இல்லை.

சீனத்தில் மிகப் பழங்காலந்தொட்டே தேயிலை வழங்கி வருகின்றது. முதலில் அது மருந்தாகப் பயன்பட்டது. பின்னர் நாள்தோறும் பருகும் நீராயிற்று. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த லூ யூ என்னும் அறிஞர், தேயிலையின் பிறப்பு, அதனைப் பக்குவம் செய்யும் முறை, காய்ச்சுதற்குரிய நீர், பருகுதற்குரிய கிண்ணம் ஆகியவற்றை ஆராய்ந்து தனி நூலே இயற்றினார். புத்தத் துறவியர் தம் பள்ளிகளைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் தேயிலை வளர்த்தனர். விருந்தினர்க்கு முதற்கண் தேநீர் அளித்தல் சீனரின் இல்லற ஒழுக்கமாயிற்று. இங்ஙனம் பல நூற்றாண்டுகள் அந்நாட்டார் போற்றிக் காத்த செடியையும் தொழிலையும் இந்தியாவிற்குக் கொண்டுவந்தவருள் தலைசிறந்தவர் இராபர்ட் பார்ச்சூன் ஆவார்.

பிறப்பும் இளமையும்

பார்ச்சூன் 1812ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள், ஸ்காட்லாந்தின் பெரிக்சயர்ப் பகுதியில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஊர்ப்பள்ளியில் கற்றார், பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. தோட்ட வேலை கற்கும் சிறுவராகத் தொடங்கி, மண்ணும் வேரும் இலையுமே நூல்களாக, உழைப்பே ஆசானாகக் கொண்டு அவர் வளர்ந்தார். எடின்பரோ அரசத் தாவரத் தோட்டத்தில் சில ஆண்டுகள் பணியாற்றித் திறம்பெற்றார். 1842ஆம் ஆண்டில் இலண்டன் தோட்டக்கலைச் சங்கத்தார் அவரைத் தம் சிசிக் தோட்டத்தில் அமர்த்தினர்.

முதற் பயணம்

அக்காலத்தில் ஆங்கிலேயர் தேநீரை உயிரினும் இனியதாக விரும்பினர். தேயிலையோ சீனத்திலிருந்தே வரவேண்டியிருந்தது. அதற்கு ஈடாக வெள்ளியைக் கொட்டிக் கொடுக்க மனமில்லாத ஆங்கில வணிகர், இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனத்திற் புகுத்தினர். சீன அரசு அதனைத் தடுக்கவே, 1839ஆம் ஆண்டில் போர் மூண்டது. 1842ஆம் ஆண்டில் நான்கிங் உடன்படிக்கையின்படி சீனத்தின் ஐந்து துறைமுகங்கள் அயலார்க்குத் திறக்கப்பட்டன. ஆயினும், உள்நாட்டிற் புகுந்து திரிய அவர்க்கு உரிமை இல்லை.

புதிய பூஞ்செடிகளைத் திரட்டி வருமாறு தோட்டக்கலைச் சங்கத்தார் 1843ஆம் ஆண்டில் பார்ச்சூனைச் சீனத்திற்கு அனுப்பினர். அவருக்கு ஆண்டொன்றுக்கு 100 பவுன் ஊதியம் வகுத்தனர். துப்பாக்கி வேண்டும் என்று அவர் கேட்டபொழுது முதலில் தயங்கி, பின்னரே இசைந்தனர். அத்துப்பாக்கியே அவர்தம் உயிரைக் காத்தது. ஒருமுறை அவர் சீனக் கலம் ஒன்றில் கடும் காய்ச்சலுற்றுப் படுத்திருந்தார். அப்பொழுது கடற்கொள்ளையர் சூழ்ந்து கொண்டனர். கலத்திலிருந்தோர் அஞ்சி ஒளியத் தொடங்கினர். பார்ச்சூன் நோயையும் மறந்து எழுந்தார். பகைக்கலம் மிக அணுகும்வரை பொறுத்திருந்து சுட்டார். கொள்ளையர் சிதறி ஓடினர். மூன்றாண்டுகள் அலைந்து அரிய செடிகள் பலவற்றோடு 1846ஆம் ஆண்டில் அவர் நாடு திரும்பினார். தம் செலவினை விரித்து மறு ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார்.

அப்பயணத்தில் அவர் கண்ட உண்மை ஒன்று பெரிது. பச்சைத் தேயிலையும் கருந்தேயிலையும் வெவ்வேறு செடிகளில் விளைவன என்றே ஐரோப்பியர் பலர் எண்ணியிருந்தனர். செடி ஒன்றே என்றும், வேறுபாடு பக்குவம் செய்யும் முறையிலேயே உள்ளது என்றும் பார்ச்சூன் நேரிற் கண்டு தெளிந்தார். பறித்த இலையைக் காலந்தாழ்த்தாது சூடேறிய இருப்புச் சட்டியில் வறுத்து உருட்டி உலர்த்தினால் பச்சைத் தேயிலை கிடைக்கும். அதனையே மூங்கிற் பாய்களில் நெடுநேரம் பரப்பி வைத்து, குலுக்கி, துவளச் செய்து, பின்னர் வறுத்துருட்டி, ஈரத்தோடு காற்றாட விட்டு, இறுதியில் கரிநெருப்பில் மெல்ல உலர்த்தினால் கருந்தேயிலை ஆகும்.

கும்பினியாரின் பணி

சீனத்தோடு வணிகம் செய்யும் தனியுரிமையைக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1833ஆம் ஆண்டின் சட்டத்தால் இழந்தனர். எனவே, இமயமலைச் சாரல்களில் தாமே தேயிலை விளைவிக்க அவர்கள் முனைந்தனர். அதற்கு நல்ல விதையும் செடியும் கைதேர்ந்த தொழிலாளரும் தேவையாயினர். 1848ஆம் ஆண்டில் ஆண்டுக்கு 500 பவுன் ஊதியத்தில் பார்ச்சூனை அப்பணிக்கு அமர்த்தினர்.

சிறந்த தேயிலை விளையும் மலைகள் உள்நாட்டில் இருந்தன. அங்குச் செல்லுதலோ தடுக்கப்பட்டிருந்தது. எனவே, பார்ச்சூன் சீனர் போல் உடை அணிந்தார். தலையின் முன்புறத்தை மழித்துப் பின்னே நீண்ட சடையைப் பொருத்திக்கொண்டார். மழித்தவன் அவருடன் வந்த கூலியாள். அத்தொழிலறியாத அவன் கத்தியைக் கொண்டு தலையைச் சுரண்டிய சுரண்டலில் அவர் கண்களில் நீர் பெருகிற்று. எந்நாட்டார் என்று வழியிற் கேட்டவர்க்கு, பெருமதிலுக்கு அப்பாலுள்ள தொலைநாட்டார் என்று விடை கூறப்பட்டது. சீனம் மிகப் பரந்த நாடாதலின் மக்கள் அதனை நம்பினர்.

வாங் என்னும் பணியாளரின் துணையோடு சாங்காயிலிருந்து படகேறி, பச்சைத் தேயிலைக்குப் பெயர்பெற்ற சுங்லோ மலையை அவர் அடைந்தார். வாங்கின் தந்தையார் இல்லத்திலேயே தங்கி, விதைகள் திரட்டினார். செல்லும் வழியில் தேயிலைச் சாலை ஒன்றில் வியத்தகு காட்சி ஒன்றைக் கண்டார். அங்குத் தொழில் செய்தோரின் கைகள் நீலநிறம் ஏறியிருந்தன. அயல்நாட்டிற்கு விற்கும் பச்சைத் தேயிலைக்கு நிறமேற்ற, பிரசிய நீலம் என்னும் சாயத்தையும் ஜிப்சத்தையும் அவர்கள் கலந்தனர். நூறு பவுண்டு தேயிலையில் அரைப் பவுண்டுக்கு மேல் இவை கலந்திருந்தன என்று பார்ச்சூன் கணக்கிட்டார். அயல்நாட்டார் அந்நிறத்தையே விரும்புகின்றனர் என்பது சீனர் கூறிய காரணம். அவர்கள் தாம் பருகும் தேயிலையில் அதனைச் சேர்ப்பதில்லை.

கண்ணாடிப் பேழை

திரட்டிய விதைகளையும் செடிகளையும் உயிரோடு இந்தியாவிற்கு அனுப்புதல் எளிதாக இல்லை. தேயிலை விதை விரைவில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும் இயல்பினது. முதலில் அனுப்பிய விதைகளுட் பெரும்பாலன முளைக்கவில்லை. செடிகளிற் பலவும் வழியில் வாடி இறந்தன. பார்ச்சூன் மனந்தளரவில்லை. வார்டு என்னும் இலண்டன் மருத்துவர், காற்றுப் புகாத கண்ணாடிப் பேழை ஒன்றினை முன்னரே அமைத்திருந்தார். அப்பேழையுள் இலைகள் வெளிவிடும் ஈரம் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணிற்கே திரும்பும். கடலின் உப்புக்காற்று உள்ளே புகாது. செடிகளைக் கொண்டு செல்லப் பயன்பட்ட அப்பேழையில் பார்ச்சூன் விதைகளையே மண்ணோடு கலந்து விதைத்து அனுப்பினார். கப்பல் செல்லும்பொழுதே அவை முளைவிட்டன. பிழையிற் கற்ற பாடமே அவருக்கு வெற்றியைத் தந்தது.

1849ஆம் ஆண்டில் சிங்கூ என்னும் துணைவரோடு, கருந்தேயிலைக்குப் புகழ்பெற்ற வூயி மலைக்கு அவர் சென்றார். செங்குத்தான பாறைகளுக்கு இடையே அமைந்த புத்தப் பள்ளிகளில் தங்கினார். துறவியர் அவரை அன்போடு வரவேற்று, தம் மலையில் விளைந்த தேநீரை அளித்து மகிழ்ந்தனர்.

இந்திய மண்ணில்

1851ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பார்ச்சூன் கல்கத்தாவை அடைந்தார். அவருடன் சீனத் தொழிலாளர் எண்மரும், தேயிலை செய்வதற்குரிய கருவிகளும் வந்தனர். பேழைகளைத் திறந்தபொழுது 12,000க்கும் மேற்பட்ட இளஞ்செடிகள் பசுமையுடன் விளங்கின. அவை கங்கை வழியாகச் சென்று, சகாரன்பூரைக் கடந்து, கடுவால், குமாவூன் மலைத்தோட்டங்களை அடைந்தன. அவர் முயற்சியால் இமயத் தோட்டங்களிற் சேர்ந்த செடிகள் மொத்தம் 20,000க்கு மேற்பட்டன.

இந்தியத் தேயிலையின் வரலாறு பார்ச்சூனோடு தொடங்கியது அன்று. அசாமியக் காடுகளில் தேயிலை இயற்கையாகவே வளர்வதைச் சிங்பூ மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். 1823ஆம் ஆண்டில் அதனை அவர்கள் வாயிலாக ஆங்கிலேயர் அறிந்தனர். நம் நீலகிரியில் 1830களிலேயே கேத்தி அரசுப் பண்ணையில் சீனத்துச் செடிகள் நடப்பட்டன. நாளடைவில் வெப்பமிகு சமவெளிகளில் அசாமியச் செடியே செழித்தது. டார்சிலிங்கு போன்ற குளிர்ந்த மலைகளில் சீனச்செடி நிலைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆங்கிலேயர் சீனத் தேயிலையினும் இந்திய, இலங்கைத் தேயிலையையே மிகுதியாகப் பருகலாயினர்.

பார்ச்சூன் மேலும் பலமுறை கீழ்நாடுகளுக்குச் சென்றார். சப்பானிலும் செடிகள் திரட்டினார். நூல்கள் பல எழுதினார். 1880ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் இலண்டனில் இயற்கை எய்தினார்.

புகழும் மாசும்

பார்ச்சூனின் அஞ்சாமையும் விடாமுயற்சியும் கூர்ந்து நோக்கும் திறனும் எவரும் போற்றத்தக்கன. எளிய தோட்டக்காரராகத் தொடங்கியவர், நாடுகளின் வணிகத்தையே மாற்றியமைத்த பணிக்குத் துணைநின்றார். ஆயினும், அவர் மேற்கொண்ட வழி மாசற்றதன்று. தம்மை இன்னார் என்று மறைத்து, விருந்தாக உணவும் உறையுளும் அளித்தோரிடமே அவர்தம் வாழ்வுக்கு அடிப்படையான தொழில்நுட்பத்தை அறிந்து கொண்டார். அவரைத் தம் இல்லத்தில் தங்கவைத்த முதியவரும், அவருக்குத் தேநீர் வார்த்த துறவியரும், அவர் எதற்காக வந்தார் என்பதை அறிந்திலர். அபினியால் நலிந்து, போரில் தோற்ற நாட்டிலிருந்தே அச்செடிகள் கொண்டுவரப்பட்டன. செயல் பெரிதாயின் வழி எத்தகையதாயினும் ஆகுக என்று கொள்ளுதல் அறத்தோடு பொருந்தாது. பெரியோர் வரலாற்றைக் கற்போர் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

மற்றொன்றும் நினைத்தற்குரியது. வாங்கும் சிங்கூவும் வழிகாட்டியிராவிடில் பார்ச்சூன் ஒரு மலையையும் கண்டிருக்க இயலாது. சொந்த நாட்டைத் துறந்து இமயத்திற்கு வந்து தொழில் கற்பித்த சீனத் தொழிலாளரின் பெயர்களை இன்று அறிந்தோர் அரியர். பின்னர் நீலகிரியிலும் இலங்கையிலும் அட்டைக்கடியும் கடுங்குளிரும் பொறுத்துக் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளர் எண்ணிறந்தோர். ஓசூர் ஆலை வாயிலில் ஒரு தொழிலாளி காலையிற் பருகும் ஒரு குவளைத் தேநீரில், ஒருவருடைய துணிவு மட்டும் அன்று, பல நாட்டுத் தொழிலாளர் சிந்திய வியர்வையும் கலந்துள்ளது. புகழ் ஒருவருக்கு வாய்ப்பினும் உழைப்பு பலருடையது என்பதை உணர்ந்து அவர்களையும் நன்றியோடு நினைத்தல் நம் கடமையாகும்.