கற்பனைக் களஞ்சியம் சிவப்பிரகாசர்

புதுச்சேரிக்கு வடக்கே, கீழைக் கடலின் கரையில் அமைந்த சிற்றூர் பொம்மையார்பாளையம். அங்கிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கரை, வெண்ணிற உப்புக் குவியல்கள் விளங்கும் மரக்காணத்தைச் சென்றடையும். பொம்மபுரம் எனவும் வழங்கும் இவ்வூரில் பழமையான வீரசைவத் திருமடம் ஒன்று உண்டு. அம்மடத்தின் புகழோடு தம் புகழையும் இணைத்துச் சென்ற பெரும்புலவர் சிவப்பிரகாசர் ஆவார்.

இவர் 17ஆம் நூற்றாண்டினர். தந்தையார் காஞ்சிபுரத்துக் குமாரசுவாமி தேசிகர். வேலையர், கருணைப்பிரகாசர் என்னும் இருவர் இவர்தம் தம்பியர். இளமையிலேயே தந்தையை இழந்த சிவப்பிரகாசர், திருவண்ணாமலையை அடைந்து கல்வியில் ஈடுபட்டார். அம்மலையை வலம் வரும்போது 100 பாடல்கள் கொண்ட சோணசைலமாலையை இயற்றினார். பின்னர்த் துறைமங்கலம் சென்று, அண்ணாமலை ரெட்டியார் என்னும் வள்ளலின் அன்புக்கு உரியவரானார்.

பாடும் ஆற்றல் நிரம்பியிருந்தும், இலக்கணத்தை முறையாகக் கல்லாத குறை அவர் உள்ளத்தை வருத்தியது. ஆதலின் திருநெல்வேலிக்குச் செல்லத் துணிந்தார். வழிச்செலவிற்கென வள்ளல் 300 பொன் அளித்தார். திருநெல்வேலியை அடுத்த சிந்துபூந்துறையில் வெள்ளியம்பலவாணத் தம்பிரான் என்னும் பேராசிரியர் வாழ்ந்து வந்தார். தம்மை நாடி வந்த இளைஞரின் திறமையை அறிய அவர் விரும்பினார். கு என்னும் எழுத்தில் தொடங்கி, இடையில் ஊருடையான் என்னும் சொல் அமைந்து, கு என்னும் எழுத்திலேயே முடியும் வெண்பா ஒன்றைப் பாடுமாறு பணித்தார். சிவப்பிரகாசர் அப்பொழுதே பாடி முடித்தார். மகிழ்ந்த ஆசிரியர் அவரை மாணாக்கராக ஏற்று, 15 நாளில் இலக்கணம் முழுவதையும் கற்பித்தார் என்பர்.

கல்வி முடிந்ததும் சிவப்பிரகாசர் தம்மிடமிருந்த 300 பொன்னையும் ஆசிரியர் திருவடியில் வைத்து வணங்கினார். ஆசிரியரோ அதனைத் தொடவில்லை. திருச்செந்தூரில் இருந்த புலவர் ஒருவர் தம்மை ஓயாது இகழ்ந்து வருவதாகவும், அவருடைய செருக்கை அடக்குவதே தமக்கு வேண்டும் காணிக்கை எனவும் கூறினார்.

சிவப்பிரகாசர் திருச்செந்தூர் சென்றார். அப்புலவர் அவரை வாதுக்கு அழைத்தார். நீரோட்டக யமக அந்தாதி பாடுதல் வேண்டும். தோற்றவர் வென்றவர்க்கு அடிமையாதல் வேண்டும் என்பது உடன்பாடு. ப, ம, வ முதலிய எழுத்துகளை ஒலிக்கும்போது இதழ்கள் குவியும் அல்லது பொருந்தும். அத்தகைய எழுத்துகளை அறவே நீக்கிப் பாடுவது நீரோட்டகம். ஒரே தொடர் அடிதோறும் மீண்டும் வந்து வெவ்வேறு பொருள் தருவது யமகம். ஒரு பாடலின் முடிவு அடுத்த பாடலின் தொடக்கமாவது அந்தாதி. இம்மூன்றும் ஒருங்கே அமையப் பாடுதல் எவ்வளவு அரியது! சிவப்பிரகாசர் 30 பாடல்களையும் பாடி முடித்தார். எதிர்த்த புலவரால் பாட இயலவில்லை. வென்றவர் தோற்றவரைத் தமக்கு அடிமையாக வைத்துக் கொள்ளவில்லை; ஆசிரியர் முன் அழைத்து வந்து, அவர் அடி பணியச் செய்தார். இவ்வாறு தாம் பெற்ற வெற்றியையே ஆசிரியர்க்குக் காணிக்கையாக்கினார்.

பின்னாளில் அவர் பொம்மபுரத்துச் சிவஞான பாலைய தேசிகரை அடைந்தார். மனிதரைப் பாடுவதில்லை என முதலில் மறுத்திருந்த அவர், தேசிகரின் பெருமையை உணர்ந்து மாணாக்கரானார். அவர்மீது தாலாட்டு, நெஞ்சுவிடு தூது முதலிய நூல்களையும் பாடினார். கன்னட நூலைத் தழுவிப் பிரபுலிங்க லீலையைத் தமிழில் தந்தவரும் இவரே.

இக்கடற்கரைப் பகுதியில் வாழ்ந்த காலத்தில், அவர் மணலில் விரலால் வெண்பாக்களை எழுத, மாணாக்கர் அவற்றை ஏட்டில் எழுதிக் கொண்டனர் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்நூலே 40 வெண்பாக்களைக் கொண்ட நன்னெறி. தன் களங்கத்தை நீக்க எண்ணாமல் உலகின் இருளை நீக்கும் திங்களைப்போல, மேலோர் தம் குறையை எண்ணாமல் பிறர் குறையைத் தீர்ப்பர். எந்த உறுப்பு நோயுற்றாலும் கண் நீர் சொரிவதுபோல, பிறர் துன்பம் கண்டு உள்ளம் உருகுவர் என அந்நூல் அறிவுறுத்துகின்றது. புலவரை வெல்லச் செந்தூரில் அருஞ்சொற்களை ஆண்ட நாவலர், சிறுவரும் உணரும் எளிய உவமைகளால் தொண்டின் சிறப்பை இங்குக் கற்பித்தார். அலை வந்து மணலெழுத்தை அழித்தது. ஏட்டில் ஏறிய அறம் அழியவில்லை.

சிவப்பிரகாசர் தம் 32ஆம் வயதில், புதுச்சேரியை அடுத்த நல்லாற்றூரில் இறைவனடி சேர்ந்தார். பொம்மபுரத் திருமடத்தின் சார்பில் 1938இல் மயிலத்தில் தமிழ்க் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது.

பள்ளிகளில் இன்று கட்டுரைப் போட்டிகளும் கவிதைப் போட்டிகளும் நடைபெறுகின்றன. வென்றோர் பரிசும் பாராட்டும் பெறுகின்றனர். வெற்றி பெறுதல் சிறப்பே. ஆயினும், அவ்வெற்றியை ஆசிரியர்க்கு உரியதாக்கி, கற்ற கல்வியைப் பிறர்க்குப் பயன்படச் செய்தல் அதனினும் சிறப்பாகும். இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் சிவப்பிரகாசர்.