வால் சறுக்கும் காரை வசப்படுத்தக் கற்றுக் கொடுத்தவர்

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகும் சாலை காவிரிக் கரையை ஒட்டிச் செல்கிறது. ஆறு வளைந்தால் சாலையும் வளையும். மழை நாளில் வயலிலிருந்து ஏறி வரும் டிராக்டர்கள் சேற்றைச் சாலையில் விட்டுப் போகும். அறுவடை நாளில் வைக்கோல் கிடக்கும்.

அந்த வளைவில் ஒரு கார் வேகமாகத் திரும்புகிறது. திடீரென்று பின் சக்கரங்கள் வழுக்குகின்றன. காரின் வால் வெளிப் பக்கம் போகிறது. மூக்கு உள் பக்கம் திரும்புகிறது. ஓட்டுபவர் திகைத்து நிற்க நேரம் இல்லை. அந்த ஒரு நொடியில் அவர் கை என்ன செய்கிறதோ, அதைப் பொறுத்ததே உயிர்!

அந்த ஒரு நொடியைச் சமாளிக்கும் வித்தையை நம் நாட்டு இளைஞர்கள் பலர் கற்க வழி செய்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் கோயம்புத்தூர் எஸ். கரிவர்தன். இந்தியக் கார்ப் பந்தயத்தின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

ஆலை ஊரில் பிறந்தவர்

கரிவர்தன் 1954-ஆம் ஆண்டில் பிறந்தார். கோவையில் பெயர் பெற்ற தொழில் குடும்பம் அவருடையது. பஞ்சாலையும் இயந்திரப் பட்டறையும் நிறைந்த ஊர் அது. அவருக்கும் இயந்திரத்தின் மேல் தீராத ஆசை. காரை ஓட்டுவதோடு அவர் நிற்கவில்லை. காரைப் பிரித்தார். புதிதாகக் கட்டினார். கட்டியதைத் தாமே ஓட்டிப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. அங்கே ஆயிரக்கணக்கான மக்கள் கூடிப் பந்தயம் பார்த்தார்கள். கரிவர்தனும் அங்கே பந்தயம் ஓட்டினார்.

ஆனால் ஓர் உண்மை அவர் கண்ணில் பட்டது. பந்தயம் பணக்காரர்களின் விளையாட்டாக இருந்தது. நல்ல பந்தயக் கார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை அதிகம், சுங்க வரியும் அதிகம். மற்றவர்கள் அம்பாசிடர், பியட், ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்களையே மாற்றி அமைத்து ஓட்டினார்கள். திறமை இருந்தும் பணம் இல்லாத பையன் எங்கே போய்ப் பழகுவான்?

மாருதியில் பிறந்த பந்தயக் கார்

1983-இல் மாருதி 800 கார் வந்தது. சிறிய கார். 796 சி.சி. எஞ்சின். அந்த எஞ்சினை வைத்தே கரிவர்தன் ஒரு பந்தயக் கார் செய்தார். ஒருவர் மட்டும் அமரலாம். சக்கரங்கள் வெளியே தெரியும். அதன் பெயர் பார்முலா மாருதி. 1988-இல் அது பந்தயத்துக்கு வந்தது.

வீட்டு மாருதியில் எஞ்சின் முன்னால் இருக்கும். முன் சக்கரங்களே காரை இழுக்கும். கரிவர்தன் அதே எஞ்சினை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். பின் சக்கரங்கள் காரைத் தள்ளின. மாட்டு வண்டி ஓட்டுபவருக்குப் பின்பாரம் என்றால் என்ன என்று தெரியும். இந்தக் காரும் பின்பாரக் கார்தான். வளைவில் வேகம் மிஞ்சினால் வால் வெளியே போகும். ஓவர்ஸ்டியர் என்று பந்தயக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

அந்த நொடியில் என்ன செய்வது?

வால் சறுக்கியதும் புதிதாக ஓட்டுபவர் பயந்து பிரேக்கை மிதிப்பார். அதுதான் ஆபத்து! பிரேக் போட்டால் காரின் பாரம் முன்னால் சாயும். பின் சக்கரங்களின் மேல் பாரம் குறையும். தரையைப் பிடிக்கும் பலம் இன்னும் போய்விடும். கார் பம்பரம் போல் சுற்றும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தாலும் இதே கதைதான்.

பழகியவர் என்ன செய்வார்? வால் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புவார். வலது வளைவில் வால் இடப் பக்கம் போனால், ஸ்டியரிங்கும் இடப் பக்கம் திரும்பும். காலை மெதுவாகத் தளர்த்துவார். பள்ளத்தையும் மரத்தையும் பார்க்க மாட்டார். போக வேண்டிய வழியையே பார்ப்பார். வால் திரும்பி வரும்போது ஸ்டியரிங்கை உடனே நேராக்குவார். அதில் தாமதித்தால் வால் மறு பக்கம் சாட்டை போல் வீசும்.

இதைப் புத்தகத்தில் படித்தால் போதாது. கை பழக வேண்டும். பழகும்போது தவறு நேரும். அந்தத் தவறு பொதுச் சாலையில் நேர்ந்தால் எதிரே வருபவர் உயிரும் போகும். காவலும் இடமும் உள்ள பந்தயப் பாதையில் நேர்ந்தால் பெரும்பாலும் கார் சுற்றி நிற்பதோடு போகும். கரிவர்தனின் கார் குறைந்த செலவில் அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால், பணத்தைவிடக் கைத்திறனே முன்னுக்கு வந்தது.

விதைத்தவர் போனார், விளைந்தது பயிர்

1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயப் பாதை திறக்கப்பட்டது. இளைஞர்கள் பலர் பார்முலா மாருதியில் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் கோவை நாராயண் கார்த்திகேயன்.

கரிவர்தனுக்கு வானிலும் ஆசை உண்டு. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த சிறு விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். வயது 41. விதைத்தவர் விளைச்சலைப் பார்க்கவில்லை.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 2005-இல் நாராயண் கார்த்திகேயன் உலகின் தலைசிறந்த பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். அதில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே! 2010-இல் சென்னையின் கருண் சந்தோக் இரண்டாவதாகச் சென்றார். அவரும் பார்முலா மாருதியில் தொடங்கியவர்தான். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை இன்றும் கரிவர்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆற்றங்கரைச் சாலையில் போகிறவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. வித்தையைக் காட்ட வேண்டிய இடம் பந்தயப் பாதை. ஊர்ச் சாலையில் வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைப்பவருக்கு அந்த வித்தை தேவைப்படுவதே அபூர்வம்.