மறைமலையடிகளாரும் மூச்சின் நெறியும்

இத்திருக்கோயில் விளங்கும் மறைமலை நகர், சைவமும் தமிழும் தழைக்க உழைத்த ஒரு பெரியாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர்தம் தமிழ்த்தொண்டை அறியாதார் இலர். உடல்நலம் பேணுதலையும் இறைநெறியின் ஒரு கூறாகக் கொண்டு அவர் ஆற்றிய தொண்டோ பலரும் நினையாதது. குடமுழுக்கு நிகழும் இந்நன்னாளில் அதனைச் சிறிது சிந்திப்போம்.

நாகப்பட்டினத்தில் மருத்துவராய் விளங்கிய சொக்கநாத பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் நெடுநாள் மகப்பேறு வாய்த்திலது. நம் ஊருக்கு அணித்தாயுள்ள திருக்கழுக்குன்றத்து இறைவனை வேண்டி நோன்பிருந்து, 1876 ஜூலை 15-இல் அவர்கள் பெற்ற திருமகனாருக்கு, அப்பெருமான் பெயராகிய வேதாசலம் என்பதையே சூட்டினர். 1916-இல் அப்பெயரே தூய தமிழில் மறைமலை என்றாயிற்று.

1898 முதல் 1911 வரை அடிகளார் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்தார். 1905-இல் சைவ சித்தாந்த மகா சமாசத்தைத் தோற்றுவித்தார். 1911-இல் கல்லூரிப் பணியை விடுத்துப் பல்லாவரத்திற் குடியமர்ந்து, அவ்வாண்டே துறவாடை பூண்டார். ஆயினும் மனைவி மக்களை நீத்துக் கானகம் புகுந்தாரல்லர்; இல்லத்தில் இருந்துகொண்டே எழுத்திலும் வழிபாட்டிலும் நாள்களைச் செலுத்தினார்.

அங்ஙனம் வாழ்ந்தவர்க்கு உடம்பு வெறுத்தொதுக்கற்பாலதன்று. இறைவன் உறையும் இடமாம். பொருந்தும் உணவையும் பொருந்தா உணவையும் ஆராய்ந்து நூல் செய்தார். 1922-இல் யோகநித்திரை அல்லது அறிதுயில் என்னும் நூலையும், மக்கள் நூறாண்டு உயிர்வாழும் வகையை விளக்கும் பெருநூலை 1933-இலும் வெளியிட்டார். மேனாட்டார் ஆராய்ச்சிகளையும் நம் முன்னோர் கொள்கைகளையும் ஒருங்கு வைத்து நோக்குதல் அவரது இயல்பு.

அம்முன்னோருள் தலையாயவர் திருமூலர். திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில், மூச்சை உள்ளிழுக்கும் பூரகம், நிறுத்தும் கும்பகம், வெளிவிடும் இரேசகம் ஆகியவற்றிற்கு முறையே 16, 64, 32 மாத்திரை என அவர் அளவு வகுத்தார். நாளொன்றுக்கு மனிதன் விடும் மூச்சு 21,600 என்பது யோக நூலார் கணக்கு. நிமிடத்திற்குப் பதினைந்தாக அமையும் இக்கணக்கு, இளைப்பாறியிருக்கும் ஒருவர்க்கு 12 முதல் 20 வரை என்னும் இக்கால மருத்துவர் கணக்கோடு ஒத்திருத்தல் வியப்பன்றோ!

கவலையும் சினமும் மூண்டுழி மூச்சு விரைகின்றது; நெஞ்சு படபடக்கின்றது. மூச்சை மெல்ல வெளிவிடுங்கால், மூளையினின்று இதயத்திற்குச் செல்லும் வேகஸ் என்னும் நரம்பின் செயல் மிகுந்து இதயத்துடிப்பைத் தணிக்கின்றது. நிமிடத்திற்கு ஆறளவாக மூச்சை நிதானப்படுத்திப் பழகுவார்க்கு மனக்கலக்கம் குறைதலையும் குருதியழுத்தம் ஓரளவு தாழ்தலையும் இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. உள்ளிழுத்தலினும் வெளிவிடுதல் இருமடங்காதல் வேண்டுமென்ற மூலர் அளவின் நுட்பம் இதனால் இனிது விளங்கும். ஆயின், மூச்சை நெடிது நிறுத்தும் கும்பகம் ஆசானின்றிப் பழகத்தக்கதன்று. இதயநோய், குருதியழுத்தம் உடையார் மருத்துவரைக் கேளாது அதனை மேற்கொள்ளலாகாது. அவர் உட்கொள்ளும் மருந்துக்கு மூச்சுப்பயிற்சி மாற்றும் அன்று.

நூறாண்டு வாழும் வகை கூறிய அடிகளார் தாமே 74 ஆண்டளவில், 1950 செப்டம்பர் 15-இல் இறைவனடி சேர்ந்தாரே என ஐயுறுவார் உளர். வாழ்நாளின் எல்லை இறைவன் வகுப்பது. வாய்த்த நாளைத் தூய்மையாய்ச் செலவிடுதலே நம் கையிலுள்ளது. அவர் விட்டுச் சென்ற நூல்களும், அவர் தேடித் தொகுத்தவற்றைக் கொண்டு 1958-இல் சென்னையில் எழுந்த மறைமலையடிகள் நூலகமும், அந்நாள்கள் வீண்போகாமைக்குச் சான்றாம்.

ஒரகடம், திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் இரவென்றும் பகலென்றும் பாராது முறைவேலை செய்வோர் நம்மிடையே பலர். அவர்க்குத் துறவு வேண்டா, தனியிடமும் வேண்டா. திருமுன் நிற்கும் சில நிமிடங்களில், நிமிர்ந்து நின்று, மூச்சை மெல்ல வாங்கி, அதனினும் மெல்ல விட்டு, ஒவ்வொரு மூச்சோடும் திருவைந்தெழுத்தை நெஞ்சில் எண்ணுதல் எவர்க்கும் இயல்வதே. பொருள் ஈந்து கற்கோயிலைப் புதுக்கிய அன்பர்கள் தத்தம் உடலாகிய கோயிலையும் இவ்வாறு பேணி, நலம் பல பெற்று நீடு வாழ்வார்களாக!